நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயாத அம்மாக்கள்

கேள்வி: சினிமா விமர்சனமோ மருத்துவக் கட்டுரையோ, எல்லாவற்றிலும் பெண்ணியத்தை நுழைத்துவிடுகிறீர்கள். போன இதழ் விமர்சனத்தில்கூட ‘இந்தப் படத்தின் அம்மாவுக்கு ஒரு தலைவலிகூட வராதா?’ என்று கேட்டிருந்தீர்கள். கதையில் பேசுங்கள், சரி. அறிவியலுக்கு ஏது ஆண், பெண்? மாரடைப்பு ஆள் பார்த்தா வருகிறது?
— வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: மாரடைப்பையே பேசுவோம்.

நம் சினிமாவில் மாரடைப்பு எப்படி வரும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மகளைப் பற்றி ஏதோ செய்தி வரும். அப்பா இடது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்வார். வீடே அலறிக்கொண்டு ஓடிவரும். ஓர் அம்மா தாடை வலிக்கிறது, குமட்டுகிறது என்று அடுப்படியில் உட்கார்ந்து, அது மாரடைப்பு என்று தெரியவந்த காட்சி எனக்கு ஒன்றுகூட நினைவில் இல்லை. பெண்களுக்கும் நெஞ்சுவலிதான் முக்கிய அறிகுறி. ஆனால் அதோடு மூச்சுவாங்கல், குமட்டல், தாடையிலும் முதுகிலும் வலி, கை கால் ஓய்ந்துபோகிற அசதி ஆகியவை ஆண்களைவிட அவர்களுக்கு அதிகம் வருகின்றன. சில சமயம் நெஞ்சுவலியே இருக்காது.

என் சித்திக்கு அப்படித்தான் வந்தது. சாயங்காலம் தோசைக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தவர், பல்வலி போல இருக்கிறது என்றார். அப்புறம் முதுகு. ஓம வாட்டர் குடித்தார், தைலம் தேய்த்துக்கொண்டார், அரைத்த மாவை வழித்து எடுத்துவைத்து, கிரைண்டரைக் கழுவிவிட்டுத்தான் படுத்தார். ராத்திரி இரண்டு முறை வாந்தி. காலையில் போன கிளினிக்கில், ‘இந்த வயசுல பொம்பளைங்களுக்கு வர்ற படபடப்புதாம்மா, வாய்வு’ என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஈசிஜி எடுக்கவில்லை. மறுநாள் வேறோர் ஆஸ்பத்திரியில் எடுத்தபோது இதயத் தசையில் ஒரு பகுதி போயிருந்தது. சித்தி பிழைத்துவிட்டார். ஆனால் வடகம் காயப்போட மொட்டைமாடிக்கு ஏற அவரால் இப்போது முடிவதில்லை. சித்தப்பா நெஞ்சைப் பிடித்திருந்தால் அன்று ராத்திரியே கார் கிளம்பியிருக்கும்.

அந்த மருத்துவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. அவர் படித்த படிப்பு எங்கிருந்து வந்தது என்பதுதான் உங்கள் கேள்விக்கான பதில். ஆஸ்பிரின் மாரடைப்பைத் தடுக்கிறது என்று 1980களின் கடைசியில் உலகுக்குச் சொன்ன புகழ்பெற்ற அமெரிக்க ஆய்வில் 22,071 பேர் பங்கேற்றார்கள். அத்தனை பேரும் ஆண் மருத்துவர்கள். பெண்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வு முடிவு வந்தது 2005-இல். கிட்டத்தட்ட 40,000 பெண்கள். அவர்களிடம் ஆஸ்பிரின் பக்கவாதத்தைக் குறைத்தது. முதல் மாரடைப்பைக் குறைத்ததாக, மொத்தமாகப் பார்த்தபோது, தெரியவில்லை. மாத்திரை அதேதான், நோயும் அதேதான், விடை வேறு. அறிவியலுக்கு ஆண், பெண் இல்லை என்கிறீர்கள். அந்த முதல் ஆய்வில் பெண்தான் இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். 1977-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களை மருந்துகளின் ஆரம்பக்கட்டச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்றது. கல்யாணமாகாதவர், கருத்தடை செய்துகொண்டவர், கணவர் குடும்பக்கட்டுப்பாடு செய்துகொண்டவர் என யாருக்கும் விலக்கு இல்லை. தாலிடோமைடு மாத்திரையால் உலகெங்கும் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் ஊனத்தோடு பிறந்த பயம் அதற்குப் பின்னால் இருந்தது. பயம் நியாயமானதுதான். ஆனால் வயிற்றில் வரக்கூடிய பிள்ளையை நினைத்தவர்கள், நாளை அந்த மாத்திரையை விழுங்கப்போகிற அவளை நினைக்கவில்லை. 1993 வரை அந்த விதி இருந்தது. சால்பிடெம் என்ற தூக்க மாத்திரை அங்கே 1992-இல் விற்பனைக்கு அனுமதி பெற்றது. பெண்களின் உடம்பிலிருந்து அது மெதுவாகத்தான் வெளியேறுகிறது, காலையில் வண்டி ஓட்டும்போதும் ரத்தத்தில் மிச்சம் இருக்கிறது என்று சொல்லி, பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைக்க அந்தத் துறை சொன்னது 2013-இல். இடையில் 20 வருடம். அத்தனை வருடம் இரண்டு மடங்கு மாத்திரை.

பொது இடத்தில் இதயம் நின்று விழுகிற பெண்ணுக்கு, நெஞ்சை அழுத்தி உயிர் கொடுக்கும் முதலுதவி ஆண்களுக்குக் கிடைக்கிற அளவுக்குக் கிடைப்பதில்லை என்பதும் அமெரிக்க ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. அவள் நெஞ்சில் கைவைக்கக் கூச்சம். பயிற்சிக்கு வைக்கிற பொம்மையும் பெரும்பாலும் ஆணின் மார்புதான். அங்கேயே இந்த நிலைமை என்றால், நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சித்தி ஏன் வலியோடு கிரைண்டரைக் கழுவினார் என்றும் கேட்க வேண்டும். வலி நிவாரணி விளம்பரங்களைப் பாருங்கள். அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், மகள் தைலம் தேய்த்துவிடுவாள், அடுத்த காட்சியில் அம்மா சிரித்தபடி எல்லோருக்கும் பரிமாறுவாள். அவள் படுத்து ஓய்வெடுப்பதாக ஒரு விளம்பரம் முடிந்து நான் பார்த்ததில்லை. வருடக்கணக்காக இதைப் பார்த்து வளர்ந்தவர்தான் சித்தி. கிளினிக்கில் சீட்டு எழுதியவரும் இதையே பார்த்து வளர்ந்தவர்.

உங்கள் வீட்டில் அம்மாவோ மனைவியோ அக்காவோ திடீரென்று வியர்த்து, மூச்சு வாங்கி, தாடையோ முதுகோ வலிக்கிறது என்றால், ‘வாய்வா இருக்கும்’ என்று அவர்களே சொன்னாலும் கேட்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். ‘ஈசிஜி எடுங்க டாக்டர்’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். போன இதழ் விமர்சனத்தில் அந்த அம்மாவைப் பற்றிக் கேட்ட கேள்வியை நான் திரும்பப் பெறவில்லை.