644 வைத்தும் எச்சரிக்கை போகவில்லையா?
வணக்கம் அக்கா. மொரீஷியஸின் காத்ர் போர்னில் காவடிச் சாமான் விற்கும் உங்கள் ஓஎஸ்காமர்ஸ் (இணையக் கடை மென்பொருள்) கடையில், ஃபைல் அனுமதி எண்ணை 644 என்று வைத்த பிறகும், கடையின் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிகர் ஃபைலில் எழுத முடிகிறது என்ற எச்சரிக்கை போகவில்லை என்றீர்கள். பல சர்வர்களில் பிஎச்பி, அதாவது கடையை இயக்கும் நிரல், உங்கள் கணக்கின் பேரிலேயே ஓடும். 644-இல் முதல் 6 என்பது படிக்க 4, எழுத 2 இரண்டும் சேர்ந்தது. அது உரிமையாளருக்கு. ஆகவே கடைக்கும் எழுதும் உரிமை கிடைத்துவிடுகிறது. 444 வையுங்கள், அப்போது யாருக்கும் படிக்க மட்டுமே அனுமதி.

எஃப்டிபியில் (சர்வருக்கு ஃபைல் அனுப்பும் வழி) மாற்றினால் சில நேரம் நிற்காது, எனக்கும் அப்படி ஆனது. சிபேனல் (ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் பக்கம்) ஃபைல் மேனேஜரில் மாற்றி, ரெஃப்ரெஷ் செய்து எண்ணைப் பாருங்கள். அட்மின் ஃபோல்டருக்குள் இன்னொரு கான்ஃபிகர் ஃபைல் உண்டு, அதையும் மாற்றுங்கள். எல்லோருக்கும் எல்லா உரிமையும் தரும் 777 மட்டும் வைக்கவே வைக்காதீர்கள், உங்கள் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு அந்த கான்ஃபிகர் ஃபைலில்தான் இருக்கிறது. அப்புறம், கடையை நிறுவப் பயன்பட்ட இன்ஸ்டால் ஃபோல்டரை அழித்துவிட்டீர்களா?