பித்தப்பைக்கு ஆபரேஷன், தாடையில் வலி: சட்டத்தில் என்ன வழி?

ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து, ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும்படி முன்பற்களுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு உள்ளே போகும். ஏறக்குறைய 40 மில்லிமீட்டர். ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து டாக்டர் பார்க்க வேண்டிய எளிய சோதனைகளில் இதுவும் ஒன்று. இந்த முறை வந்த கடிதங்களில் ஏழு கடிதங்கள் இந்த மூன்று விரல்களைச் சுற்றியே இருந்தன. வயிற்றுக்கோ கழுத்துக்கோ ஆபரேஷன் செய்துகொண்டு, தாடை வலியோடு வீடு திரும்பியவர்களும் அவர்கள் வீட்டாரும் எழுதியவை. நான் நாகர்கோவிலில் வழக்காடுகிறவள், டாக்டர் அல்ல. ஆனாலும் இத்தகைய வழக்குகளில் மருத்துவத்தைப் புரிந்துகொள்ளாமல் சட்டத்தைத் தொட முடியாது என்பதால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

"எனக்கு வயது 38. தக்கலை அருகே ஒரு பள்ளியில் ஆசிரியை. மூன்று மாதத்துக்கு முன் ஒரு தனியார் மருத்துவமனையில் பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோப்பி செய்துகொண்டேன். கண் விழித்ததிலிருந்து வலதுபக்கத் தாடை வலிக்கிறது. ஒன்றரை விரலுக்குமேல் வாய் திறப்பதில்லை. மட்டிப்பழத்தைக்கூடப் பிய்த்துத்தான் உள்ளே தள்ளுகிறேன். இரண்டு முறை போய்ச் சொன்னேன். 'பித்தப்பைக்கும் தாடைக்கும் என்னம்மா சம்பந்தம்?' என்று அனுப்பிவிட்டார்கள். வழக்குப் போட முடியுமா?"

சம்பந்தம் இருக்கிறது, சகோதரி. முழு மயக்கத்தில் இருக்கும் நோயாளிக்கு மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாயைச் செலுத்துவார்கள். அதற்காகத் தாடையை முன்னோக்கித் தூக்கி, வாயை அகலத் திறந்து, லாரிங்கோஸ்கோப் என்ற கருவியை உள்ளே விடுவார்கள். விழித்திருக்கும்போது யாராவது நம் வாயை அளவுமீறித் திறந்தால் தசை இறுகித் தடுக்கும், நாமும் கத்துவோம். தசையைத் தளர்த்தும் மருந்து கொடுத்தபின் அந்தக் காவல் இருக்காது. காதுக்கு முன்னால் இருக்கும் தாடை மூட்டில் ஒரு சிறிய வட்டு இருக்கிறது. அது நழுவலாம். மூட்டே விலகவும் செய்யலாம். ஏற்கெனவே மெல்லும்போது தாடையில் 'டக்' என்று சத்தம் வருகிறவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல்.

ஆனால் பாதிப்பு ஏற்பட்டது என்பதாலேயே கவனக்குறைவு நிரூபணமாகிவிடாது. எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் தாடை பாதிக்கப்படலாம். அதே துறையில் சாதாரணத் திறமையுள்ள ஒரு டாக்டர் அந்த இடத்தில் எப்படி நடந்துகொண்டிருப்பார் என்பதுதான் நீதிமன்றம் கேட்கும் கேள்வி. இதற்கான பதிலை மூன்று இடங்களில் தேட வேண்டும்.

முதலாவது, ஆபரேஷனுக்கு முந்தைய மயக்க மருந்துப் பரிசோதனைத் தாள். வாய் எவ்வளவு திறக்கிறது, தாடையில் முன்பே தொந்தரவு உண்டா என்று கேட்டு அதில் எழுதியிருக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு கோப்பு இன்னும் நினைவில் நிற்கிறது. பல், கழுத்து, நெஞ்சு எல்லாவற்றுக்கும் நேராக 'டிக்' இருந்தது. வாய்த் திறப்பு என்ற கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. அந்த வழக்கு முழுவதும் அந்த வெற்றுக் கட்டத்தைச் சுற்றியே நடந்தது. உங்கள் தாளில் 'மூன்று விரல்' என்று எழுதியிருந்தால் அதுவும் உங்களுக்குச் சாதகம்தான். உள்ளே போகும்போது மூன்று, வெளியே வரும்போது ஒன்றரை என்று அவர்கள் தாளே சாட்சி சொல்லும்.

இரண்டாவது, ஆபரேஷன் அறைக்குள் எழுதப்படும் மயக்க மருந்துக் குறிப்பு. குழாய் முதல் முயற்சியிலேயே போனதா, நான்காவது முயற்சியிலா என்பது அதில் தெரியும்.

மூன்றாவது, நீங்கள் வலி என்று சொன்னபின் அவர்கள் என்ன செய்தார்கள் என்பது. என் கணிப்பில் இத்தகைய வழக்குகள் பெரும்பாலும் நிற்பது இங்கேதான். விலகிய மூட்டை முதல் நாளிலேயே கண்டால் பெரும்பாலும் கையாலேயே சரிசெய்துவிடலாம். வாரக்கணக்கில் விட்டால் தசை இறுகி, ஆபரேஷன் வரைக்கும் போகும். நழுவிய வட்டுக்கும் தாமதம் நல்லதல்ல. இரண்டு முறை சொல்லியும் வாயைத் திறந்துகூடப் பார்க்காமல் அனுப்பினார்கள் என்றால், குழாய் போட்டதைவிட அதுவே பெரிய தவறு. உங்கள் வழக்கை நான் நடத்தினால் அதன்மேல்தான் கட்டுவேன். அந்த இரண்டு தேதிகளையும் நிரூபிக்க வழியிருக்கிறதா என்று பாருங்கள். ஓ.பி. சீட்டு, மருந்துக்கடை பில், வாட்ஸ்அப் செய்தி, பஸ் டிக்கெட்டோடு வந்த தங்கையின் சாட்சியம் என்று எதுவாக இருந்தாலும் எடுத்து வையுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: மருத்துவப் பதிவுகள் முழுவதையும் கேட்டு எழுத்தில் விண்ணப்பியுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. மேலே சொன்ன இரண்டு தாள்கள், ஒப்புதல் படிவம், நர்ஸ் குறிப்புகள் எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். உள்நோயாளிப் பதிவுகளை மூன்றாண்டு வைத்திருக்கவும் வேண்டும். தர மறுத்தால் அந்த மறுப்பே உங்களுக்கு ஓர் ஆதாரம்.

கூடவே, வாய் முகத் தாடை அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவரிடம் போங்கள். குலசேகரத்தில் பல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, உங்களுக்குத் தூரமில்லை. வாய்த் திறப்பை மில்லிமீட்டரில் அளந்து, தேதியோடு எழுதித் தரச் சொல்லுங்கள். அவர் சொன்னால் மூட்டுக்கு எம்.ஆர்.ஐ. எடுங்கள். வழக்குக்காகச் சிகிச்சையை ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் உடம்புக்கும் அதுதான் நல்லது, வழக்குக்கும் அதுதான் நல்லது.

பிறகு வக்கீல் நோட்டீஸ். அதன்பின் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார். நீங்கள் செலுத்திய சிகிச்சைக் கட்டணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணமே இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் மருத்துவ வழக்கில் நிபுணர் கருத்து, குறுக்கு விசாரணை எல்லாம் வரும், தனியாகப் போகாதீர்கள் என்பதே என் யோசனை. வசதியில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு.

"ஆபரேஷன் நடந்தது திருவனந்தபுரத்தில். நான் களியக்காவிளைக்காரன். வாய்தாவுக்கு வாய்தா அங்கேயேதான் அலைய வேண்டுமா?"

வேண்டாம் ஐயா. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்க அனுமதிக்கிறது. பழைய சட்டத்தில் இந்த வசதி கிடையாது. எல்லையோரத்தில் இருக்கும் நம் மாவட்டத்துக்கு இதைவிடப் பயனுள்ள திருத்தம் வேறு இருக்க முடியாது என்று நினைக்கிறேன். பெரிய வைத்தியம் என்றால் விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் பாதிப்பேர் மேற்கே பார்த்துத்தானே வண்டி ஏறுகிறோம். உங்கள் ஆதார் முகவரி நம் மாவட்டத்தில் இருந்தால் நாகர்கோவிலிலேயே தாக்கல் செய்யுங்கள். டாக்டர்மேல் மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுப்பதென்றால் மட்டும், அவர் பதிவு செய்திருக்கும் மாநிலத்தின் கவுன்சிலுக்கு எழுத வேண்டும். கவுன்சில் எச்சரிக்கலாம், பதிவை நிறுத்திவைக்கலாம். நஷ்டஈடு வாங்கித் தர அதற்கு அதிகாரம் இல்லை.

"குளச்சலில் கடலுக்குப் போகிறவன் நான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. அதிலிருந்து கொட்டாவி விட்டால் தாடை கழன்றுகொள்கிறது. வள்ளத்தில் இருக்கும்போது ஒருமுறை கழன்று, கரை வந்து சேரும்வரை வாயை மூட முடியவில்லை. 'நீ ஒரு பைசா கொடுக்கவில்லை, உனக்குக் கேஸ் கிடையாது' என்கிறார்கள். உண்மையா?"

உண்மையில்லை, தம்பி. 1995இல் உச்ச நீதிமன்றம் வி.பி. சாந்தா வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. சிலரிடம் பணம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனையில், இலவச நோயாளியும் நுகர்வோர்தான். காப்பீடு பணம் கட்டினாலும் அப்படியே. உங்களுக்காக மருத்துவமனைக்குப் பணம் போயிருக்கிறது. அது உங்கள் கையால் போகவில்லை, அவ்வளவுதான்.

எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் அரசு மருத்துவமனையில் இது நடந்திருந்தால் நிலைமை வேறு. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது. உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம். அதற்கு முன் அரசுக்கு இரண்டு மாத அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்ப வேண்டும். தவறு வெளிப்படையாகத் தெரிந்தால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனுவும் போடலாம். அரசு மருத்துவமனையின் பதிவுகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி வாங்கிவிடலாம்.

நடுக்கடலில் தாடை கழன்றதை எழுதியிருக்கிறீர்கள். அன்று உடனிருந்தவர்கள் யார், எந்தத் தேதி, கரையில் எந்த மருத்துவமனையில் தாடையைப் பொருத்தினார்கள் என்று இன்றே ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். எத்தனை நாள் கடலுக்குப் போகவில்லை, உங்கள் பங்கு எவ்வளவு குறைந்தது என்பதையும் எழுதுங்கள். சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு இந்த நோட்டும் உடன் தொழிலாளிகளின் சாட்சியமும்தான் சம்பளச் சீட்டு.

"குடலிறக்க ஆபரேஷன் முடிந்து இரண்டரை ஆண்டு ஆகிறது. தாடை வலிக்குக் காது வைத்தியம், பல் வைத்தியம் எல்லாம் பார்த்தேன். போன மாத ஸ்கேனில்தான் மூட்டு வட்டு விலகியிருப்பது தெரிந்தது. காலம் கடந்துவிட்டதா?" (இரணியல்)

கடினமான கேள்வி. பொய் நம்பிக்கை தர விரும்பவில்லை. நுகர்வோர் புகாருக்கு, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டாண்டு. அந்த நாள் எது என்பதில்தான் வாதம். பாதிப்பு அப்போதே வெளிப்படையாகத் தெரிந்திருந்தால் அன்றிலிருந்து கணக்கு. மறைந்திருந்தால், தெரியவந்த நாளிலிருந்தோ, முறையாக முயன்றிருந்தால் தெரிந்திருக்கக்கூடிய நாளிலிருந்தோ கணக்கு. 2010இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஸ்ரீகண்டே வழக்கைச் சொல்ல வேண்டும். அதுவும் பித்தப்பை ஆபரேஷன்தான். 1993இல் வயிற்றுக்குள் துணி விடுபட்டது, புகார் 2004இல் வந்தது. நோயாளியே ஒரு நர்ஸ். இத்தனை ஆண்டு வலியோடு இருந்தும் அந்த டாக்டரிடம் மறுபடி போய்ச் சொல்லவோ முறையாகப் பார்க்கவோ இல்லை என்று சொல்லி, காலம் கடந்ததாகத் தள்ளிவிட்டார்கள்.

உங்கள் நிலை அதைவிட நல்லது. நீங்கள் சும்மா இருக்கவில்லை, வைத்தியர் வைத்தியராக அலைந்திருக்கிறீர்கள். அந்தச் சீட்டுகள் ஒவ்வொன்றும் நீங்கள் விடாமல் தேடியதற்குச் சாட்சி. அவற்றைத் தேதிவாரியாக அடுக்கி, தாமதத்தை மன்னிக்கும் மனுவோடு சேர்த்து இந்த மாதமே தாக்கல் செய்யுங்கள். ஸ்கேன் தேதியிலிருந்து இன்னும் இரண்டாண்டு இருக்கிறது என்று உட்கார்ந்துவிடாதீர்கள்.

"சிசேரியனுக்குப் பிறகு மனைவிக்குத் தாடை வலி. முதுகில் ஊசி போட்டுத்தான் ஆபரேஷன் செய்தார்கள். அவள் விழித்தேதான் இருந்தாள்."

அப்படியென்றால் வாயில் குழாய் போட்டிருக்கமாட்டார்கள். நடுவில் முழு மயக்கத்துக்கு மாற்றினார்களா என்று மட்டும் மயக்க மருந்துக் குறிப்பில் பாருங்கள். இல்லையென்றால் இது வழக்காகாது. தூக்கமில்லாமல் பல்லைக் கடிப்பதிலும் தாடை வலி வரும். பல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். இராத்திரியில் குழந்தையை நீங்கள் வாங்கிக்கொண்டு அவர்களைத் தூங்க விடுங்கள்.

"அம்மாவின் தாடையைக் கெடுத்த டாக்டரைக் கைது செய்ய வைக்க வேண்டும். உறவினர்களோடு போய் மருத்துவமனை முன் உட்காரலாம் என்றிருக்கிறோம்." (மார்த்தாண்டம்)

உங்கள் கோபம் புரிகிறது. தாய் கஞ்சியை மட்டும் குடித்து மெலிவதைப் பார்க்கிற மகனுக்கு அது வராமல் இருக்காது. ஆனால் 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல் உயரமானது. குற்ற வழக்குக்குச் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிக மோசமான அலட்சியம் வேண்டும். நடவடிக்கைக்கு முன் போலீஸ் வேறொரு டாக்டரின், முடிந்தால் அரசு டாக்டரின், கருத்தைப் பெற வேண்டும். தாடைப் பாதிப்பு அந்த அளவுகோலைத் தொடுவது மிக அரிது. அங்கே தோற்றால், அந்தக் கருத்தையே எதிர்த்தரப்பு நுகர்வோர் வழக்கிலும் கொண்டுவந்து நீட்டும்.

உட்காரப்போகிறவர்களில் ஒருவர் கண்ணாடியை உடைத்தாலும் கதை திரும்பிவிடும். மருத்துவமனைகளைத் தாக்குவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது, ஜாமீனில் வர முடியாத குற்றம். அம்மாவின் வழக்குக்காக ஓட வேண்டிய நீங்கள் உங்கள் ஜாமீனுக்காக ஓட வேண்டியிருக்கும். தயவுசெய்து வேண்டாம்.

"மருத்துவமனையில் 25,000 ரூபாய் தருகிறார்கள். 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று முத்திரைத்தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள். வாங்கலாமா?" (ஆரல்வாய்மொழி)

தாடை மூட்டுக்கு முழுதாக என்ன சிகிச்சை தேவைப்படும் என்று நிபுணர் எழுத்தில் சொல்லும்வரை வாங்காதீர்கள். பிசியோதெரபியோடு முடிந்தால் அந்தத் தொகை நியாயமாகக்கூட இருக்கலாம். மூட்டைத் திறந்து ஆபரேஷன் என்றால் எம்.ஆர்.ஐ.க்கும் போக்குவரத்துக்குமே கரைந்துவிடும். சமரசம் தவறில்லை, நுகர்வோர் ஆணையமே சமரசத்துக்கு அனுப்புவதும் உண்டு. ஆனால் அந்தத் தாளில் 'எதிர்காலச் சிகிச்சைச் செலவு' என்ற வரி எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதன் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். நகல் தர மறுத்தால் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிடுங்கள்.