ஒகவாங்கோவில் குதிரைச் சவாரி: கேட்டதும் சொன்னதும்

போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ டெல்டாவில் குழுவாகக் குதிரையில் போவது பற்றி வந்த கேள்விகள் இவை. விசா, விமான டிக்கெட்டுக்கு ஏஜென்ட்டைப் பாருங்கள். மலேரியா மாத்திரைக்கு டாக்டரைப் பாருங்கள்.

கே: ஜூலையில் அங்கே மழையே கிடையாதாமே. அப்புறம் தண்ணீர் ஏது அக்கா?

ப: இது நல்ல கேள்வி. அது அங்கோலா மேட்டுநிலத்தில் ஆண்டுத் தொடக்கத்தில் பெய்த மழை. டெல்டாவில் தரை கிட்டத்தட்ட சமதளம். பாபிரஸ் கோரைகளுக்குள் புகுந்து பரவிவர மாதக்கணக்கில் ஆகும். அதனால் உள்ளூர் மழை ஓய்ந்த குளிர்காலத்தில், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, வெள்ளம் உச்சத்தில் இருக்கும். இந்த நீர் கடலைப் பார்ப்பதே இல்லை. பெரும்பகுதி ஆவியாகவும் செடிகள் வழியாகவும் காற்றோடு போய்விடும். ஜூலையில் சேணம் வரை நனைந்த இடத்தில் நவம்பரில் புழுதிதான் பறக்கும்.

கே: ஊட்டியில் குதிரை ஏறியிருக்கிறேன். போதுமா?

ப: போதாது. யானை காதை விரித்துக்கொண்டு வந்தால், குழுவோடு சேர்ந்து பாய்ச்சலில் விலகத் தெரியவேண்டும்.

கே: எடை வரம்பு உண்டா?

ப: உண்டு. பெரும்பாலும் 90, 95 கிலோ.

கே: முதல்முறை ஏறுபவர்கள் வரலாமா?

ப: ஊட்டிக்காரருக்குச் சொன்னதுதான்.

கே: குதிரைக்கே நீந்தத் தெரியுமே, நமக்கு எதற்குப் பயிற்சி?

ப: குதிரையை முழுகடிக்காமல் இருக்கத்தான். ஆழத்தில் பயந்துபோய் கடிவாளத்தை இழுத்தால் அதன் தலை மேலே போகும், பின்பக்கம் தாழும், மல்லாந்து உங்கள் மேலேயே விழும். கடிவாளத்தைத் தளர்த்தி, முன்னால் சாய்ந்து, பிடரி மயிரைப் பிடியுங்கள். அங்கவடியிலிருந்து, அதாவது சேணத்தில் தொங்கும் கால் வளையத்திலிருந்து, காலை எடுத்துவிடுங்கள்.

கே: தவறு மேடம். எங்கள் ஊர் ஏரியில் குதிரையை விட்டு இறங்கி, அதன் வாலைப் பிடித்துக்கொண்டே கரை சேருவோம். குதிரைக்கும் பாரம் குறையும்.

ப: பாரம் குறையும் என்பது சரி, ஏரியில் செய்யுங்கள். இங்கே முதலை இருக்கிறது, சேணத்திலேயே இருங்கள். முதலையை விட நீர்யானைக்குப் பயப்படுங்கள். அதற்கும் ஆழமான நீருக்கும் நடுவில் ஒருபோதும் போகாதீர்கள்.

கே: நீர்யானை புல்தானே தின்னும்?

ப: புல் தின்றால் சாதுவா? ஜல்லிக்கட்டுக் காளை என்ன கறியா தின்கிறது? நீர்யானையும் வழியை மறித்தால் பாயும்.

கே: வாலைப் பிடிப்பதில் இன்னொரு வசதியும் இருக்கிறது மேடம்...

ப: வாலை விடுங்கள் ஐயா.

கே: சொந்தக் குதிரையைக் கொண்டுவரலாமா?

ப: வேண்டவே வேண்டாம். ஆப்பிரிக்கக் குதிரை நோய் என்று ஒன்று உண்டு. கொசுவை விடச் சின்ன கடிபூச்சிகள் பரப்புவது. வரிக்குதிரைகள் பெரிதாக நோவு காட்டாமலே அந்தக் கிருமியைச் சுமக்கும். அதைக் கண்டிராத குதிரைகளில் பெரும்பாலானவை செத்துப்போகும்.

கே: நான் புதுசு, ஆனால் தைரியசாலி. வரலாமா?

ப: ஊட்டி!

கே: படம் எடுக்க வசதியாக வழிகாட்டிக்கு முன்னால் போகலாமா?

ப: கூடாது. கோரைக்குள் நீர்யானை நிற்கிறதா என்று அவர்தான் முதலில் பார்க்கவேண்டும்.