வட்டமா விழுற வெளிச்சம் கேமரா கோளாறு இல்லீங்க
காலைல தோட்டத்துல எடுத்த போட்டோல மரத்தடி வெளிச்சமெல்லாம் வட்டவட்டமா இருக்கு, செவுத்துல இலை நிழல் மங்கலா வருது, போன் கேமரா போச்சான்னு கேட்டிருந்தீங்க. கேமரா நல்லாத்தாங்க இருக்கு. சூரியன் நமக்குப் புள்ளியா இல்லாம அரை டிகிரி அகல வட்டமா தெரியுதுல்ல, அதனால இலைங்களுக்கு நடுவுல இருக்குற சின்ன சந்து எந்த வடிவத்துல இருந்தாலும் ஊசித்துளை கேமரா (லென்ஸ் இல்லாம சின்ன ஓட்டை வழியா படம் விழுற பெட்டி) மாதிரி சூரியனோட உருவத்தையே கீழ போடுது, காலை வெயில் சாய்வா வர்றதால சிலது முட்டை மாதிரி நீண்டுடும். பகுதி சூரிய கிரகணத்தப்போ அத்தனையும் பிறையா மாறும், அவ்ளோ அழகு! நிழல் மங்குறதும் சூரியன் புள்ளியா இல்லாம அகலமா இருக்குறதாலதான், செவுத்துலேர்ந்து 1 மீட்டர் தள்ளி இருக்குற இலைன்னா ஓரம் கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர் அகலத்துக்கு மங்கும். நாளைக்கு விரலை செவுத்துகிட்ட வச்சு மெல்ல பின்னாடி இழுத்துப் பாருங்க, கூர்மையா இருந்த கோடு அப்படியே கரையும்.