அம்மாவோடு மலையுச்சி ஊருக்கு ஒரு நாள்

கேள்வி: ஏப்ரலில் ரோமில் ஐந்து நாள் தங்குகிறோம். ஒரு நாள் வாடகைக் கார் எடுத்து சிவிதா தி பாஞ்ஞொரேஜோ என்ற மலையுச்சி ஊருக்குப் போய்வர ஆசை. என் கணவர் பதினைந்து வருடமாகக் கார் ஓட்டுகிறார். கூட வரும் அம்மாவுக்கு 68 வயது, மூட்டுவலி. சரிப்பட்டு வருமா?
- வாசகி, திருச்சி

பதில்: தாராளமாகக் கார் எடுங்கள். அம்மாவுக்காக ஊரை மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள்.

சிவிதாவுக்குள் கார் போகாது. 1965-ல் கட்டிய நடைபாலம் ஒன்றுதான் வழி, சுமார் 300 மீட்டர். படத்தில் பார்த்தால் சாதாரணமாகத் தெரியும். ஆனால் கடைசிப் பகுதி நிமிர்ந்து ஏறுகிறது. திடமான ஆட்களே அங்கே கைப்பிடியைப் பிடித்து நின்று மூச்சு வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். தலைக்கு மேல் நிழல் கிடையாது. அதே சரிவில் திரும்பி இறங்குவது முட்டிக்கு இன்னும் கொடுமை. அம்மாவை அங்கே நடத்திக் கூட்டிப்போக வேண்டாம்.

அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் ஓர்வியேத்தோ இருக்கிறது. அதுவும் எரிமலைப் பாறை உச்சியில் உட்கார்ந்த ஊர்தான். பாறையடியில் 'காம்போ தெல்லா ஃபியெரா' நிறுத்தத்தில் காரை விட்டால் லிஃப்டும் நகரும் படிகளும் மேலே கொண்டுபோய்விடும். மேலே கல் பாவிய தெரு, அம்மாவுக்கு வழுக்காத ஷூ வாங்கிக் கொடுங்கள். 1290-ல் தொடங்கிய பேராலயம் வரி வரியாகக் கறுப்பும் வெள்ளையுமாக நிற்கும். முகப்பு மேற்கே பார்த்தது, பிற்பகல் வெயில் விழுந்தால் பொன் மொசைக் தகதகக்கும். அந்த நேரத்தில் அம்மா அங்கே இருக்கும்படி நாளைத் திட்டமிடுங்கள். அதற்காகவே அவ்வளவு தூரம் போகலாம்.

ஆகவே காலையில் முதலில், பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் பாஞ்ஞொரேஜோ ஊர். ஊர்க்கோடியில் உள்ள பார்வைமேடையிலிருந்தே சிவிதா முழுசாகத் தெரியும். களிமண் கரையக் கரைய ஓரங்கள் சரிந்து, 'சாகும் ஊர்' என்று பெயர் வாங்கிய ஊர் அது. நீங்களும் கணவரும் முறைபோட்டுப் பாலத்தைக் கடந்து வாருங்கள், ஒருவர் அம்மாவோடு இருங்கள். ஓர்வியேத்தோவில் மதியம் இரண்டு மணிக்குள் சாப்பிட உட்கார்ந்துவிடுங்கள். அப்புறம் பல இடங்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள்.

இனி கார். கிளம்புமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்குங்கள், நம் ஊர் லைசென்ஸும் கையில் இருக்க வேண்டும். முன்பணத்தைப் பிடித்துவைக்க, ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும், கியர் வலது கைக்கு வரும். ஆட்டோமேட்டிக் வேண்டும் என்று முன்பதிவிலேயே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பெரும்பாலும் கியர் வண்டிதான் வரும்.

ரோம் நகர நடுவில் காரை எடுக்காதீர்கள். ஃபியுமிச்சினோ விமான நிலையத்துக்கு ரயிலில் போய் அங்கே எடுத்து, சுற்றுச்சாலை வழியாக ஏ1 நெடுஞ்சாலையைப் பிடியுங்கள். பழைய நகரங்களின் நடுப்பகுதியில் 'ஜெட்.டி.எல்.' என்ற தடைப் பகுதி உண்டு, வாசலில் கேமரா இருக்கும். ஒருமுறை முன்னால் போன உள்ளூர்க் காரின் பின்னாலேயே நானும் நுழைந்துவிட்டேன். அவருக்கு அனுமதி இருந்தது, எனக்கு இல்லை. ஊர் திரும்பிச் சில மாதம் கழித்து, என் விவரத்தைக் கொடுத்ததற்கென்று வாடகை நிறுவனம் ஒரு தொகை பிடித்தது. அபராதம் தனியாக வந்தது. சிவப்பு வட்டத்துக்குள் வெள்ளை தெரிகிற பலகையைப் பார்த்தால் பின்னால் யார் ஹாரன் அடித்தாலும் நின்றுவிடச் சொல்லுங்கள்.

டோல் வாயிலில் மஞ்சள் 'டெலிபாஸ்' (நம் ஃபாஸ்டேக் மாதிரி) வரிசையில் மட்டும் நுழைய வேண்டாம். ஏறும்போது எடுக்கும் சீட்டை அம்மா கையில் கொடுத்துவையுங்கள், இறங்கும்போது அதைக் காட்டித்தான் பணம் கட்ட வேண்டும்.