டிரைவர் நிரலைத் திருத்திக்கொண்டே இருக்கும் மகன்: ஒரு தாய்க்குப் பதில்

பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, யாரோ எழுதிய யூஎஸ்பி மோடம் டிரைவரை (கணினி அந்த மோடத்தோடு பேச உதவும் நிரல்) ராத்திரியெல்லாம் 'சுத்தம்' செய்கிறான், சம்பளமும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வேலைக்கு உதவுமா என்பது உங்கள் கேள்வி. உதவும், அம்மா. ஆனால் அவன் எதைச் சுத்தம் செய்கிறான் என்று முதலில் பார்க்க வேண்டும்.

அந்த டிரைவர் இருப்பது லினக்ஸில், யாரும் திருத்தம் அனுப்பக்கூடிய திறந்த இயங்குதளம் அது. அதில் நிரலின் எழுத்து நடையைச் சரிபார்க்கும் செக்பேட்ச் என்றொரு ஸ்கிரிப்ட் இருக்கிறது. இடைவெளி தவறு, வரி நீளம் என்று நூறு குறை சொல்லும். அவற்றைத் திருத்தி, லினக்ஸைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்புவது எளிது. புதிதாக வருகிற பிள்ளைகள் அதில்தான் இறங்குகிறார்கள். நெட்வொர்க் பிரிவைப் பராமரிப்பவர்களோ, வேறு வேலையோடு சேராத வெறும் அழகுபடுத்தல் வேண்டாம் என்று தங்கள் வழிகாட்டியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் படித்துச் சரிபார்க்க ஆகும் நேரத்துக்கு ஈடாக எதுவும் கிடைப்பதில்லை என்பது அவர்கள் கணக்கு. எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. அப்படிப் பழகத்தான் ஆசை என்றால், இன்னும் தரம் தேறாத நிரல்களை வைத்திருக்கும் ஸ்டேஜிங் பகுதியில் உள்ள டிரைவர்களுக்குத் தம்பி போகலாம்.

அவன் எடுத்திருப்பது ஹெச்எஸ்ஓ டிரைவர் என்கிறீர்கள். ஆப்ஷன் நிறுவனத்தின் 3ஜி டாங்கிள்களுக்கானது, அதாவது யூஎஸ்பியில் செருகும் சின்ன மோடம்களுக்கானது. நாம் இருக்கும் சிங்கப்பூரில் 2ஜி 2017-லும் 3ஜி 2024-லும் நிறுத்தப்பட்டுவிட்டன. பழைய டாங்கிள் ஒன்றைத் தேடிப் பிடித்துச் செருகினாலும் கணினி அதை அடையாளம் காணும், அவ்வளவுதான், இணைப்புக் கிடைக்காது. சோதித்துப் பார்க்க முடியாத திருத்தத்தை எந்த நம்பிக்கையில் அனுப்புவான்?

ஆனாலும் அந்த நிரலைப் படிப்பது வீண் இல்லை. டாங்கிளைச் செருகியதும் டிரைவர் நினைவகம் ஒதுக்குகிறது, தரவு அனுப்பும் கோரிக்கைகளைத் தயார் செய்கிறது, பிறகு நெட்வொர்க் சாதனமாகப் பதிவு செய்கிறது. நடுவில் ஒரு படி தோற்றால், அதுவரை செய்ததையெல்லாம் பின்னிருந்து முன்னாகக் கலைக்க வேண்டும். வரிசை பிசகினால் பிழை. 2021-ல் இதே ஹெச்எஸ்ஓவில் வெளிவந்த பாதுகாப்பு ஓட்டை அந்த வகைதான்: பதிவே ஆகாத சாதனத்தின் பதிவை நீக்கப்போய், விடுவித்த நினைவகத்தையே மறுபடி விடுவித்தது. பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் அதன் எண் சிவிஇ-2021-37159. அந்த ஓட்டையை அடைத்த திருத்தத்தைத் தம்பி ஒரு பக்கத்தில் விளக்கி எழுதட்டும்: முன்பு என்ன நடந்தது, எது மாறியது, ஏன். வேலைப் பயிற்சி நேர்காணலில் ரூட்டர், கட்டணக் கருவி போன்றவற்றைச் செய்யும் நிறுவனங்களுக்கு நூறு இடைவெளித் திருத்தங்களைவிட அந்த ஒரு பக்கம் அதிகம் பேசும்.

சொந்தமாக ஏதாவது அனுப்ப ஆசைப்பட்டால் 4ஜி மோடம் ஒன்று வாங்கிக் கொடுங்கள். அப்படிப்பட்ட பல மோடம்களை இயக்கும் க்யூஎம்ஐ டிரைவரின் பட்டியலில் அதன் அடையாள எண் இல்லாவிட்டால் ஒரு வரி சேர்த்து, தன் கையாலேயே சோதித்து அனுப்பலாம். சின்ன வேலைதான், ஆனால் உண்மையான வேலை.

இன்னொன்று, இதைப் பெற்றோர் யாரும் கேட்பதில்லை. ஒவ்வொரு திருத்தத்தின் அடியிலும் தன் பெயரும் மின்னஞ்சலும் போட்டு, இதை அனுப்பும் உரிமை எனக்கு உண்டு என்று உறுதி தர வேண்டும். அது பொதுவில் நிலைத்து நிற்கும். பதில்கள் சில சமயம் முகத்தில் அடித்தாற்போல் வரும். இரண்டாம், மூன்றாம் பதிப்பு கேட்பது அங்கே வழக்கம். பையன் வாடினால் பதறாதீர்கள். இதற்கென்று தனி மின்னஞ்சல் முகவரி ஒன்று வைத்துக்கொள்ளட்டும்.

மதிப்பெண்ணில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். திறன் அடிப்படையில் சேர்க்கும் வழி பல்கலைக்கழகங்களில் இருந்தாலும், டிப்ளோமா மதிப்பெண்ணைத்தான் முதலில் பார்ப்பார்கள். பிறகு இரண்டு ஆண்டு தேசிய சேவை. அந்தக் காலத்தில் கணினிமுன் உட்கார நேரம் கிடைப்பது சந்தேகம்.

லினக்ஸின் ஒவ்வொரு புதிய பதிப்பும் வெளிவந்ததும், புதிய நெட்வொர்க் மாற்றங்களுக்கான கதவு ஏறக்குறைய இரண்டு வாரம் மூடியிருக்கும். அது தேர்வு வாரத்தோடு ஒத்துவந்தால் உங்கள் அதிர்ஷ்டம். ஒத்துவராவிட்டால் வீட்டில் நீங்களே மூடிவிடுங்கள்.