பசுமைக்குடில் ஸ்ட்ராபெரிக்காக டெபாசிட்டை உடைக்கலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. பச்சைத் தேயிலை விலையை நம்பி இனி குடும்பம் நடத்த முடியாது. தனியாக 25 சென்ட் காய்கறி நிலம் உண்டு. அதில் பசுமைக்குடில் போட்டு ஸ்ட்ராபெரி வளர்க்கலாம் என்று இருக்கிறேன். கம்பெனிக்காரர் 12 லட்சம் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். பாதி மானியமாகத் திரும்பி வரும், வருடம் 6 லட்சம் லாபம் நிற்கும் என்கிறார். வங்கியில் 11 லட்சம் டெபாசிட் இருக்கிறது. அதில் 6 லட்சத்தை எடுத்து, மீதி 6 லட்சத்துக்குக் கடன் வாங்கி, மானியம் வந்ததும் அந்தக் கடனை அடைக்க நினைக்கிறேன். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். நிலம் என் பெயரிலும் தம்பி பெயரிலும் கூட்டுப் பட்டாவாக இருக்கிறது. இறங்கலாமா?

பதில்: இந்த வருடம் வேண்டாம். திட்டம் கெட்ட திட்டம் இல்லை. ஆனால் அந்த 6 லட்சம் லாபம் எப்படி வந்தது என்று பார்த்துவிட்டுப் பேசுவோம்.

25 சென்ட் என்பது ஏறக்குறைய 1,000 சதுர மீட்டர். நடைபாதை போக 6,000 செடி வைக்கலாம். செடிக்கு அரை கிலோ காய்த்தால் 3,000 கிலோ. கிலோ 350 ரூபாய் என்றால் 10.5 லட்சம். செலவு நாலரை லட்சம் போக 6 லட்சம். கம்பெனிக்காரர் போட்ட கணக்கு இதுவாகத்தான் இருக்கும். அதில் ஒரு பழம்கூட அழுகவில்லை, ஒரு டப்பாகூடத் திரும்பி வரவில்லை.

அதே கணக்கை நான் போடுகிறேன். புதிதாக இறங்குபவருக்குச் செடிக்கு 350 கிராம் என்று வைத்தாலே போதும். மொத்தம் 2,100 கிலோ. அதில் கால்வாசி சிறுத்தும் கோணியும் கசங்கியும் போகும். அது ஜாம் போடுபவர்களிடம் கிலோ 80 ரூபாய்க்குப் போனால் 42,000. முதல் தரம் 1,575 கிலோ, மண்டியில் விற்கும் விலை கிலோவுக்கு 250 என்றால் 3.94 லட்சம். ஆக வரவு சுமார் 4.36 லட்சம்.

செலவுக்கு வருவோம். நாற்று ஒன்று 12 ரூபாய் வீதம் 72,000. நல்ல விளைச்சல் வேண்டுமென்றால் வருடா வருடம் புது நாற்றுதான். மண்ணை மூடும் மல்ச்சிங் ஷீட், சொட்டு நீர் உரம், மருந்து எல்லாம் சேர்த்து 60,000. பறிக்கவும் தரம் பிரிக்கவும் இரண்டு பேர், 150 நாள், தலைக்கு 500 கூலி என்றால் 1.5 லட்சம். நீங்களும் வீட்டம்மாவுமே பறித்தாலும் இதை எழுதத்தான் வேண்டும், உங்கள் உழைப்பு இலவசம் இல்லை. 200 கிராம் டப்பா கிட்டத்தட்ட 8,000 வேண்டும், அதற்கு 40,000. வண்டி வாடகை 30,000. மண்டிக் கமிஷன் பத்து சதவீதம் என்றால் இன்னொரு 40,000. கூட்டினால் 3.92 லட்சம்.

மிஞ்சுவது 44,000. நீங்கள் உடைக்கப்போகும் 6 லட்சம் டெபாசிட்டுக்கு 7 சதவீத வட்டி என்று வைத்தாலே 42,000 வரும், அதுவும் நீங்கள் தூங்கும்போது.

விலை 350 கிடைத்தால் மிச்சம் 1.86 லட்சமாகும். அதிலிருந்தும் மேலே போடும் பாலித்தீன் ஷீட்டுக்கு வருடம் ஒரு தொகை ஒதுக்க வேண்டும். மூன்று, நான்கு வருடத்தில் அது வெளுத்துக் கிழியும். பெருங்காற்று அடித்தால் அதற்கு முன்பே போகும்.

ஆகவே எல்லாம் அந்த 100 ரூபாய் வித்தியாசத்தில் இருக்கிறது. அது உங்கள் கையில் இல்லை, மகாராஷ்டிராவின் மலை ஊரான மஹாபலேஷ்வரில் இருக்கிறது. நாட்டின் பெரும்பகுதி ஸ்ட்ராபெரி அங்கிருந்துதான் வருகிறது. குளிர்காலம் தொடங்கி மார்ச், ஏப்ரல் வரை அந்தப் பழம் சந்தையில் கொட்டிக் கிடக்கும். அந்த மாதங்களில் உங்கள் பழமும் வந்தால் கூரைக்குப் போட்ட 12 லட்சம் வீண். கோத்தகிரி உயரத்தில் பசுமைக்குடிலால் வரும் பெரிய லாபம் குளிரோ வெப்பமோ இல்லை, பழத்தின் மேல் மழை விழாமல் இருப்பது. மழை நனைத்த பழத்தில் சாம்பல் அழுகல் என்ற பூஞ்சை நோய் வேகமாகப் பரவும். மழை மாதங்களில், மஹாபலேஷ்வர் பழம் இல்லாத நேரத்தில், நல்ல பழம் கொடுக்க முடிந்தால் மட்டுமே அந்தக் கூரை தன் காசைத் திருப்பும். நடவு மாதத்தை அதற்குத் தகுந்தபடி மாற்ற முடியுமா, அப்போது நாற்று கிடைக்குமா என்று கம்பெனிக்காரரிடம் கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை.

போன வருடம் எனக்குத் தெரிந்த ஒருவரின் குடிலுக்குப் போயிருந்தேன். செடி பச்சைப் பசேலென்று இருந்தது. பழத்தைக் கையில் எடுத்தால் ஒரு பக்கம் சிவந்து உப்பியிருக்கிறது, மறுபக்கம் விதைகள் நெருங்கி முடிச்சு விழுந்ததுபோல் சுருங்கிக் கிடக்கிறது. நோய் இல்லை. பூச்சி வராமல் சுற்றிலும் வலை கட்டியதில் தேனீயும் வராமல் போய்விட்டது. அப்புறம் தேனீப் பெட்டி வைத்தார், சரியாயிற்று. அதற்குள் முதல் இரண்டு மாதப் பழம் ஜாம் விலைக்குப் போய்விட்டது. இப்படிப்பட்ட பாடங்களுக்குச் செலவு உண்டு. அதை 12 லட்சத்தில் கற்பதா, 75,000 ரூபாயில் கற்பதா என்பதுதான் என் கேள்வி.

75,000 என்று ஏன் சொல்கிறேன்? ஐந்தே சென்டில், ஆயிரம் செடி, மேலே வளைவுக் கம்பி போட்டு ஷீட் மூடிய தாழ்வான குடில். ஒரு பருவம் எடுங்கள். ஒரு நோட்டில் மூன்றே விஷயம் எழுதுங்கள்: பறித்த எடை, கழித்த எடை, கைக்கு வந்த விலை. ஸ்ட்ராபெரி பறித்த பிறகு பழுக்காது, சாதாரண வெப்பத்தில் இரண்டு நாள் தாங்கினால் பெரிது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வியாபாரி போன் செய்து "இன்னைக்குச் சரக்கு வேண்டாம்ண்ணா" என்றால் அன்று பறித்த பழத்தை என்ன செய்வீர்கள் என்பதும் அந்தப் பருவத்திலேயே தெரிந்துவிடும். இதற்கான பணத்தை டெபாசிட்டில் எடுக்காமல் கிசான் கடன் அட்டையில் எடுங்கள். தவணை தவறாமல் கட்டினால் வட்டி 4 சதவீதம்தான்.

மானியம் பற்றி ஒரு வார்த்தை. பாதி என்பது கொட்டேஷனில் பாதி இல்லை, அரசு நிர்ணயித்த சதுர மீட்டர் விலையில் பாதி. அதுவும் கட்டி முடித்து, அதிகாரிகள் வந்து அளந்த பிறகு வரும். அதுவரை வட்டி உங்களுடையது. 6 லட்சத்துக்கு 10 சதவீதத்தில் ஐந்து வருடக் கடன் என்றால் மாதம் சுமார் 12,750 கட்ட வேண்டும். பழம் வரும் முன்பே முதல் தவணை வந்துவிடும். தோட்டக்கலைத் துறையின் மானிய ஆணை கைக்கு வரும் முன் குழி தோண்டவும் வேண்டாம்.

மகள் கல்லூரிக்குப் போக இன்னும் இரண்டே வருடம். 11 லட்சத்தில் அவள் பங்கை இப்போதே தனி டெபாசிட்டாக, அவள் சேரும் மாதத்தில் முதிர்வது போல, பிரித்துப் போட்டுவிடுங்கள். மீதியைப் பற்றி மட்டும் பேசுவோம்.

வரி பயம் வேண்டாம். பழம் விற்ற வருமானம் விவசாய வருமானம், வரி கிடையாது. ஜாம் போட்டு விற்றாலோ, சுற்றுலாப் பயணிகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்கினாலோ அது வேறு கணக்கு.

கடைசி வரியில் போகிறபோக்கில் கூட்டுப் பட்டா என்று எழுதியிருக்கிறீர்கள். நான் முதலில் கவனித்தது அதைத்தான். கடனுக்கும் மானியத்துக்கும் தம்பியின் கையெழுத்து வேண்டியிருக்கும். நாளை அவர் பங்கு கேட்டால் கம்பிக் கூண்டைப் பாதியாக வெட்ட முடியாது. தம்பியிடம் பேசி, பாகம் பிரித்துப் பதிவு செய்து, தாலுகா அலுவலகத்தில் தனிப் பட்டாவுக்கு மனு கொடுங்கள். அது கைக்கு வரும் வரை கம்பெனிக்காரருக்கு ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் தர வேண்டாம்.